ஃபுல் ஃப்ளோட்டிங் என்று சொல்லி ஸ்பேசரை மாட்டி அனுப்பிவிட்டார்கள்: ஒன்றரை லட்சம் போச்சு

சின்ன பிக்கப்புக்குப் பின்னால் ஜோடி டயர் போட நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆக்சிலை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் வாங்கிவிட்டார்கள். நேற்றுதான் டிரம்மைக் கழற்றிப் பார்த்தோம்.

வண்டிகளை மாற்றியமைத்துக் கொடுக்கும் பட்டறை அது. பேசிய வேலை: பழைய செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலை (உள்ளே சுற்றும் ஷாஃப்ட்டே எடையையும் தாங்கும் வகை) இறக்கிவிட்டு, ஜோடி சக்கரத்துக்கென்றே வந்த ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலை (எடையை வெளிக்கூடான ஹவுசிங் தாங்கும் வகை) ஹவுசிங்கோடு ஏற்றுவது, அதற்கான டிரம், நடுவில் ஆழமாகக் குழிந்த நான்கு சக்கர டிஸ்க், நான்கு 195ஆர்14சி டயர், அகல மட்கார்டு.

நம்ப வைத்தது மேசை மேல் இருந்த ஒரு ஹப், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகம். பட்டறைக்காரர் ஒரே விரலால் தட்டினார், சத்தமே இல்லாமல் சுற்றியது. "பாருங்கண்ணே, ரெண்டு பேரிங். எடை முழுக்க ஹவுசிங் மேல. ஷாஃப்ட்டுக்குச் சுத்துற வேலை மட்டும்தான். ஷாஃப்ட் உடைஞ்சாலும் சக்கரம் கழண்டு ஓடாது." சொன்னது ஒவ்வொன்றும் சரி. இவ்வளவு தெரிந்தவர் தப்பாகச் செய்யமாட்டார் என்று நினைத்துத்தான் ஒன்றரை லட்சத்தையும் அன்றைக்கே கொடுத்தது. அந்த ஹப் மேசையிலேயே இருந்துவிட்டது. வண்டிக்கு வரவே இல்லை.

வண்டியில் வந்தது ஒரு பளபளப்பான மூடி. ஃபுல் ஃப்ளோட்டிங் ஹப் நடுவில் துருத்திக்கொண்டு, சுற்றிலும் போல்ட்டோடு இருக்கும் அல்லவா? அதே உருவத்தைத் தகட்டில் அடித்து மாட்டியிருக்கிறார்கள். எட்டு போல்ட் தலையும் தகட்டில் புடைத்த புடைப்பு. மூடியை நெம்பினால் உள்ளே பழைய ஆக்சிலின் தட்டையான முகம், அதன்மேல் சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஒரு அலுமினிய ஸ்பேசர், அதன்மேல் இரண்டு டிஸ்க்.

ஸ்பேசருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் கெட்டியாகப் பெயின்ட். பெயின்ட் நசுங்க நசுங்க நட்டின் இறுக்கம் போகும். போயிருக்கிறது. நட்டுகளைச் சுற்றித் துரு வழிந்த கோடு, டிஸ்க்கின் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கின்றன, உள்ளே கறுப்பாக அலுமினியப் பொடி. எம்12 ஸ்டட்டில் (நட்டு ஏறும் 12 மி.மீ. தடிமன் மரைக்கம்பி) நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆவது ஏறிப் பிடிக்க வேண்டும். அளந்தால் 7 மி.மீ. இரண்டு டிஸ்க்கின் கனத்துக்கு ஸ்டட் நீளம் போதவில்லை, அப்படியே முடுக்கி அனுப்பிவிட்டார்கள்.

டிஸ்க்கும் சாதாரண ஒற்றைச் சக்கர டிஸ்க்தான். இரண்டு டயரின் நடுக்கோட்டுக்கும் இடையே டயர் பிதுங்கினாலும் உரசாத அளவு இடைவெளி வேண்டும். இங்கே 205 மி.மீ. தான், 195 மி.மீ. அகல டயருக்கு அது போதாது. வெறும் வண்டியிலேயே நடுவில் சுண்டுவிரல் நுழையவில்லை. லோடு ஏறி டயர் பிதுங்கினால் பக்கச்சுவர் இரண்டும் உரசிச் சூடேறும், உள் டயர் வெடிக்கும்.

இதையெல்லாம் விட மோசம் பேரிங். செமி ஃப்ளோட்டிங்கில் எடையையும் சுழற்சியையும் ஒரே ஷாஃப்ட் தாங்குகிறது. ஒற்றைச் சக்கரத்தில் எடை விழும் இடம் பேரிங்கிலிருந்து 40 மி.மீ. தள்ளி இருந்ததென்றால், இந்த ஸ்பேசரோடு 130 மி.மீ. அதே எடைதான், ஷாஃப்ட்டை வளைக்கும் விசை மூன்று மடங்குக்கு மேல். மேடான ஓரத்தில் வெளி டயர் மட்டும் ஏறினால் இன்னும் அதிகம். இந்த வகையில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் வண்டியோடு இருக்காது. 1980-களில் அமெரிக்காவில் டொயோட்டா சிறு பிக்கப் சேஸிஸ் மேல் கட்டிய மோட்டார்ஹோம்களில் இதே கோளாறுதான் வந்தது. ஐந்து நட்டு ஆக்சிலில் ஜோடி சக்கரம் தாங்காமல், பிறகு ஆறு நட்டு ஃபுல் ஃப்ளோட்டிங்குக்கு மாறினார்கள். இது தெரியாத பட்டறை இல்லை அது. தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

வண்டியை ஓட்ட ஆரம்பித்ததும் முதலில் வந்தது ஊளைச் சத்தம். போன் செய்தால், "புது டயர் சத்தம்ணே, ஓட ஓட செட் ஆயிடும்." அடுத்து இடது டிரம்மில் கியர் ஆயில் வாடை. பேரிங் ஆடியதில் ஆயில் சீல் போய், பிரேக் லைனிங் முழுக்க நனைந்து, அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்கவில்லை. "லோடு அதிகமா ஏத்திட்டீங்க" என்றார்கள். எடைச்சீட்டை அனுப்பியதும், "மெக்கானிக் லீவு." பிறகு "ஓனர் வெளியூர்." ஃபுல் ஃப்ளோட்டிங் எங்கே என்று மூடியின் படத்தோடு கேட்டதற்கு, "உங்க வண்டிக்கு அது செட் ஆகாதுன்னு நாங்களே மாத்திட்டோம்" என்று பதில். ஒன்றரை லட்சத்தில் ஒரு பைசாவைப் பற்றிப் பேச்சில்லை. இப்போது போனையே எடுப்பதில்லை.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தது. இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது:

வண்டியை எடுக்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஹப் துருத்தாமல் தட்டையாக இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

"நாலு டயர், ரெண்டு மடங்கு லோடு" என்பது பொய். 106/104 என்று போட்ட டயர் ஒற்றையாக 950 கிலோ, ஜோடியில் ஒவ்வொன்றும் 900 கிலோ. அது டயரின் கணக்கு மட்டும். பேரிங்கும் பிரேக்கும் பழையதாகவே இருந்தால் வண்டியின் லோடு ஒரு கிலோ கூட ஏறாது.

ஜோடி டயர் இரண்டும் ஒரே சுற்றளவு இருக்கட்டும். புதிதும் தேய்ந்ததும் கலந்தால் பெரிய டயர் எடையை வாங்கிக்கொள்ளும், சின்னது தேய்ந்தே போகும்.

பதிவுச் சான்றில் ஏறாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க இடமுண்டு. எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே லோடு ஏற்றுவதை நிறுத்திவிட்டு, மூடியை நெம்பி நட்டைச் சுற்றித் துரு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.