வெள்ளரி விதை: பாக்கெட்டில் அச்சிடாத அந்த ஒரு வரி

ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டது. “வெள்ளரிக்கு ஹைப்ரிட் வாங்கட்டுமா, நாட்டு விதை போதுமா?” என்று கீழ் வீட்டு அக்கா கேட்டார். மொட்டை மாடியில் இரண்டையுமே சில வருடங்களாகப் போட்டு வருவதால் விரிவாகவே சொல்கிறேன். க்ரோ பேக், மண் கலவை, படர வலை எல்லாம் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

காயை மட்டும் பார்த்தால் ஹைப்ரிட்தான். நேராக வளரும், தோல் மெல்லிசு, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். காம்புப் பக்கம்கூடக் கசந்ததில்லை. நாட்டு வெள்ளரி அப்படியில்லை. வெயில் ஏறித் தண்ணீர் குறைந்தால் காம்போரம் கசந்துவிடும், நறுக்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டி எறிய வேண்டியதுதான்.

என் கோபம் பாக்கெட் மேல். ஹைப்ரிட் ரகங்கள் சிலவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே பெண் பூதான். பூவுக்கு அடியில் குட்டி வெள்ளரி மாதிரியே முள்ளோடு பிஞ்சு நிற்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். என் கொடியிலோ, ஆண் பூவின் மகரந்தம் சேராமல், அடுத்த சில நாளில் நுனி மஞ்சளாகும், சுருங்கும், தொட்டால் கையோடு வந்துவிடும். கொடி முழுக்க இப்படி வெம்பி உதிர்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பெண் பூ ரகத்திலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, மகரந்தம் இல்லாமலே காய்ப்பது. பசுமைக்குடிலுக்கு ஏற்றது. அதில் தேனீ புகுந்தால் உள்ளே விதை பிடித்து, காய் ஒரு பக்கம் பருத்துக் கோணிக்கொள்ளும். இன்னொன்றுக்கு மகரந்தம் கட்டாயம் வேண்டும். அதற்கு ஆண் பூ தரும் வேறு கொடி பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒன்றுக்குத் தேனீயே ஆகாது, மற்றதற்குத் தேனீ இல்லாமல் ஆகாது! நான் வாங்கிய பாக்கெட்டில் ‘அதிக மகசூல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். எந்த வகை என்று ஒரு வரி இல்லை. கடையில் கேட்டால், “நல்லா காய்க்கும், எடுத்துட்டுப் போங்க” என்கிறார்கள். நாட்டு விதையைவிடப் பல மடங்கு விலை வாங்கிக்கொண்டு இதைக்கூடச் சொல்லாதது அநியாயம்.

கொடியைக் காப்பாற்றியது பக்கத்துப் பையிலிருந்த நாட்டு வெள்ளரி. அதில் ஆண் பூ தாராளம். காலையில் பூ விரிந்ததும், 9 மணிக்குள், ஒன்றைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தப் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், மறுநாள் தடவிப் பயனில்லை. பிடித்துவிட்டால், வாடின பூ நுனியில் ஒட்டியிருக்கும்போதே பிஞ்சு நீள ஆரம்பித்துவிடும். அதன் பிறகு அந்த ஹைப்ரிட் கொடி காய்த்த காய்ப்பைக் குறை சொல்லவே முடியாது.

ஆனாலும் அக்கா, நாட்டு விதையே போடுங்கள். அந்த ஒரு வரியை அச்சிடும்வரை ஹைப்ரிட் பாக்கெட்டுக்கு நான் காசு கொடுப்பதாக இல்லை. மாடியில் நாட்டுக் காய் ஒன்றைப் பழுக்க விட்டிருக்கிறேன். விதையை எடுத்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் காயவைத்துத் தருகிறேன், கடைக்குப் போக வேண்டாம்.