விடைத்தாள் திருத்தும் மென்பொருள்: இரண்டு பருவங்கள் பயன்படுத்திய பின்

கணித விடைத்தாள்களைத் திருத்துவதற்காக எங்கள் பள்ளி வாங்கித் தந்த மென்பொருளை இரண்டு பருவங்கள் முழுக்கப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். திருத்துவதற்கு ஆசிரியருக்கு உதவி எதற்கு என்று கேட்பவர்கள் நாற்பது தாள்களை ஒரே இரவில் திருத்தியிருக்க மாட்டார்கள். மூன்றாவது தாளில் அரை மதிப்பெண் குறைத்த அதே பிழைக்கு முப்பதாவது தாளில் ஒரு மதிப்பெண் குறைத்திருப்போம், அதைத் திரும்பிப் பார்க்கவும் பொழுதிருக்காது. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னபோது, மதிப்பெண்கள் மலைக்கும் மடுவுக்குமாக வந்தன. கணிதத்தில் அப்படி நேராது என்று நம்பும் என்னைப் போன்றவர்களுக்காகவோ என்னவோ, அடுத்த ஆண்டே வடிவியல் தாளை வைத்தும் அவர்கள் அதையே காட்டினார்கள்.

இந்த மென்பொருளின் பலம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றியதும், பெயர்களை மறைத்துவிட்டு, முதல் கேள்விக்கான எல்லா விடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று நாம் ஒருமுறை வரையறுத்தால் போதும். பாதியில் மனம் மாறி அரையை ஒன்றாக்கினால், ஏற்கெனவே திருத்தியவற்றிலும் அது தானாகவே மாறிவிடுகிறது. முதல் விடையை அழகாக எழுதியவருக்கு ஐந்தாவது விடையில் கை தாராளமாகும் பழக்கமும் எனக்கு இதனால் குறைந்தது. கூட்டல் பிழை என்று ஒரு மாணவர்கூட இந்த இரு பருவங்களில் தாளைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

தானியங்கி மதிப்பெண் வசதியைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. 16/64 என்னும் பின்னத்தைச் சுருக்கச் சொன்ன கேள்விக்கு, ஒரு மாணவி மேலும் கீழும் இருந்த 6ஐ அடித்துவிட்டு 1/4 என்று எழுதியிருந்தாள். விடை சரி, வழி தவறு; மென்பொருள் முழு மதிப்பெண் போட்டுவிட்டது. அந்த இரண்டு கோடுகளைப் பார்த்திராவிட்டால், அவள் 13/35ஐயும் 1/5 என்று சுருக்கும் நாள் வரை எனக்குத் தெரிந்திருக்காது. (கேள்விக்கு அந்தப் பின்னத்தைத் தேர்ந்தெடுத்தது என் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) கையெழுத்தில் 1ஐ 7 என்று படித்த குழப்பங்கள் தனி.

கட்டுரைகளுக்கும் மதிப்பெண் இடும் என்று விளம்பரத்தில் இருந்ததால், மொழிப்பாட ஆசிரியர் ஒருவரும் இதை முயன்று பார்த்து, இரண்டே வாரத்தில் கைவிட்டார். நீளமாக எழுதியவர்களெல்லாம் முன்னுக்கு வந்ததுதான் காரணம். கட்டுரைக்குக் கணினி மதிப்பெண் இடும் முயற்சியை எல்லிஸ் பேஜ் என்னும் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1966 வாக்கிலேயே தொடங்கிவிட்டார் என்றாலும், இத்தகைய பொறிகளிடம் அர்த்தமற்ற சொற்குவியலைக் கொடுத்தே உயர்ந்த மதிப்பெண் வாங்க முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் பிற்காலத்தில் காட்டினார்.

தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, வரிசைப்படுத்தவும் கூட்டவும் மட்டும் இதை வாங்குவதானால் தயங்காமல் வாங்கலாம். வார இறுதியில் மிச்சமாகும் இரண்டு மூன்று மணி நேரத்தில், அடித்த கோடுகள் உள்ள தாள்களை நான் இன்னொரு முறை படிக்கிறேன். ஆசிரியர் திறந்து பார்க்காத பக்கத்தின் மதிப்பெண்ணை வெளியிடாமல் தடுக்கும் வசதி அடுத்த பதிப்பிலாவது வர வேண்டும். இப்போதைக்கு ஒரே சொடுக்கில் வகுப்பு முழுவதற்கும் மதிப்பெண் போய்விடுகிறது.