வயது அடுக்கும் வாசிப்பு நிலையும்: கடலூர்ப் புத்தகக் கடை ஒன்றைப் பற்றி

திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகச் செல்லும் புத்தகக் கடையின் சிறுவர் பகுதியில் தேர்வும் நன்று, குழந்தைகள் தரையில் அமர்ந்து புரட்டிப் பார்ப்பதை யாரும் தடுப்பதும் இல்லை. ஆனால் நூல்களை 3–5, 6–8 என்று வயதை மட்டும் கொண்டு அடுக்கியிருப்பது பெரிய குறை. ஆங்கில வழியில் பயிலும் 8 வயதுச் சிறுமி தமிழில் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிப்பவளாக இருக்கலாம். அவளை '3–5' அடுக்கின் முன் நிறுத்தினால் புத்தகத்தின் மீதே வெறுப்பு உண்டாகிவிடும்.

அங்கேயே கிடைக்கும் பிரதம் புக்ஸ் நூல்கள் வாசிப்புத் திறனை நான்கு நிலைகளாகக் குறிக்கின்றன: முதல் நிலைக் கதைகள், திரும்பத் திரும்ப வரும் எளிய சொற்களுடன் 250 சொற்களுக்குள் முடிகின்றன, நான்காம் நிலைக் கதைகள் 1500 சொற்களைத் தாண்டுகின்றன. இருப்பினும் சொல் எண்ணிக்கை தமிழுக்கு முழு அளவுகோல் ஆகாது. 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரே சொல்தானே. ஆகவே நிலை எண்ணைப் பார்த்த பிறகும், ஒரு பக்கத்தைக் குழந்தையிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது அவசியம்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களுக்கு வைத்துள்ள 'நுழை, நட, ஓடு, பற' என்ற நிலைப் பெயர்களே எனக்கு மிகவும் உவப்பானவை. 'நட' நூலை வைத்திருக்கும் எந்தக் குழந்தையும் தன்னைத் தாழ்வாக எண்ணாது. கடைக்காரர் இத்தகைய பெயர்களை அடுக்குகளில் ஒட்ட வேண்டும்; அதுவரை பெற்றோர் வயதுப் பலகையைப் பொருட்படுத்தாமல் தேடினால் நல்ல நூல்கள் நிச்சயம் கிடைக்கும்.