குன்னூர் ஈரத்தில் எம்.ஏ.ஜி இயந்திரத் துப்பாக்கி: பராமரித்தவனின் மதிப்பீடு

இயந்திரத் துப்பாக்கி என்றதும் பலரும் கேட்பது, நிமிடத்துக்கு எத்தனை தோட்டா சுடும் என்பதைத்தான். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1950களில் வடிவமைத்ததும், நம் நாட்டில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் உருவாவதுமான 7.62 மி.மீ எம்.ஏ.ஜி துப்பாக்கியைப் பொறுத்தவரை அதற்கு விடை, 650 முதல் 1000 வரை. குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவ முகாமில் சில ஆண்டுகள் இதன் பராமரிப்பைக் கவனித்தவன் நான். அந்த எண்ணை வைத்து இதை மதிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிமிடத்துக்கு 750 என்று கொண்டால், 50 தோட்டாக்கள் கோத்த பெல்ட் நான்கு நொடிகளில் தீர்ந்துவிடும். அந்த வேகத்தை நெடுநேரம் தாங்கும் குழல் எதுவும் இல்லை. இதே வடிவமைப்பில் வந்த எம்-240 துப்பாக்கிக்கு அமெரிக்க ராணுவம் வகுத்துள்ள அளவு, தொடர்ந்து சுடும்போது நிமிடத்துக்கு 100 தோட்டா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழல் மாற்றம் என்பதாகும். அதை 200 ஆக உயர்த்தினால் இரண்டே நிமிடங்களில் குழலை மாற்றியாக வேண்டும். குழலோடு இணைந்த கைப்பிடியைப் பற்றிச் சில நொடிகளில் சூடான குழலைக் கழற்ற முடிவதையே இதன் முதற்பெரும் சிறப்பாகச் சொல்வேன். சுடுவது நின்றதும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடுவதால், குழலுக்குள் காற்றோட்டம் கிடைக்கிறது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் கொதிக்கும் அறையில் அது தங்கித் தானாக வெடிக்கும் ஆபத்தும் குறைகிறது.

கேஸ் ரெகுலேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுடும்போது குழலிலிருந்து வந்து, பிஸ்டனைத் தள்ளித் துப்பாக்கியை இயக்கும் வாயுவில் மிகுதியை இது வெளியேற்றுகிறது. கரி படிந்து இயக்கம் மந்தமாகும்போது, வெளியேறும் வாயுவைக் குறைத்துப் பழைய வேகத்தை மீட்கலாம். களத்தில் இது பெரிய உதவிதான். ஆனால் பயிற்சித் திடலில் துடைக்கும் வேலையைத் தவிர்ப்பதற்காக அதைத் திருகுவோரைக் கண்டிருக்கிறேன். அவ்வாறு செய்தால் கரி அங்கேயே இறுகிவிடும். தேவைக்கு மேல் வந்த வாயு உறுப்புகளைத் தேய்த்துவிடும். சிறு துளைகளைக் கொண்ட அந்த உறுப்பை மார்கழிக் குளிரில் மரத்த விரல்களால் சுத்தம் செய்வது கடினம் என்பதை இதன் குறையாகவே பதிவு செய்கிறேன். ஏறத்தாழ 11 கிலோ எடையோடு மாற்றுக் குழலையும் சேர்த்து மலைச்சரிவில் சுமப்பது மற்றொரு குறை.

அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை இருப்பதால், தோட்டாவை உந்தித் தள்ளும் புகையற்ற வெடிமருந்தான கார்டைட் என்ற சொல் எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். தொடக்கக் காலக் கார்டைட்டில் 58 விழுக்காடு இருந்த நைட்ரோகிளிசரினைப் பின்னர் 30 விழுக்காடாகக் குறைத்ததற்குக் காரணமே, அதன் வெப்பம் குழலை அரித்ததுதான். எம்.ஏ.ஜி குழலின் உட்புறத்தில் உள்ள குரோமியப் பூச்சு அரிப்பையும் துருவையும் வெகுவாகத் தடுக்கிறது. ஆயினும் ஐப்பசி மழையில் பெட்டிக்குள் வைத்த காலணியே பூஞ்சை பிடிக்கும் குன்னூரில், பூச்சை நம்பிச் சும்மா இருக்க இயலாது. சுட்ட அன்று துடைத்து எண்ணெயிட்டதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கிளீனிங் ராடில் துணி கோத்து இழுப்போம். மூன்றாம் நாள் காலையிலும் துணியில் கருஞ்சாம்பல் கறை தென்பட்டதுண்டு. அது வெள்ளையாக வெளிவரும்வரை எந்தக் குழலையும் அடுக்கில் ஏற்ற நான் ஒப்பியதில்லை.