டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டயர்: பி-மெட்ரிக்கா, எல்டியா?

டிராவல் டிரெய்லர் வாங்குகிறவர்கள் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு கோக்கும் இணைப்பு), பிரேக் கன்ட்ரோலர் என்று அலசி ஆராய்ந்துவிட்டு, பிக்கப்பின் டயரை மட்டும் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் சந்தேகம் முதலில் ஹிட்ச் மேல்தான் விழுகிறது. வண்டி தரையைத் தொடுவதோ அந்த நான்கு டயர்களில் மட்டும்தான்.

அரை டன் பிக்கப் (முழு அளவு பிக்கப்களில் இலகுவான வகை) வைத்திருப்பவருக்கு உண்மையான போட்டி இரண்டு வகைகளுக்கு இடையில்தான். ஒன்று, வண்டியோடு வரும், கார்களுக்கான பி-மெட்ரிக் டயர். மற்றொன்று, லைட் டிரக்குகளுக்கென்றே செய்யப்படும் எல்டி டயர். மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் போல ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கப்படுவதால், பெயரைச் சொல்லிக் கேட்டால் போதாது. சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், அளவுக்கு முன்னால் 'எல்டி' (LT) என்ற எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஒரே அளவை எடுத்து ஒப்பிடுவோம்: 275/65ஆர்18. பி-மெட்ரிக்கில் இதன் லோடு இண்டெக்ஸ் (ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) 116, அதாவது 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 2,756 பவுண்டு. ஆனால் காருக்கான டயரை டிரக்கில் போடும்போது இந்த எண்ணை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. கையில் மிஞ்சுவது சுமார் 2,505 பவுண்டு. எல்டியில் லோடு ரேஞ்ச் (டயரின் வலிமையை எழுத்தால் குறிக்கும் தரம்) இ என்றால் இண்டெக்ஸ் 123, 80 பிஎஸ்ஐயில் 3,417 பவுண்டு. டயருக்கு 900 பவுண்டுக்கு மேல் வித்தியாசம்.

இதைப் பார்த்ததும் எல்டி இ-தான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டிரெய்லர் 6,500 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். 12 சதவீதம் என்றால் 780 பவுண்டு. ஹிட்ச் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், நெம்புகோல் போல முன் அச்சைத் தூக்கி, அந்தப் பாரத்தையும் சேர்த்துப் பின் அச்சில் இறக்கும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் அதில் ஒரு பகுதியை மீண்டும் முன்னால் தள்ளும். எல்லாம் சேர்ந்து பின் அச்சு 3,800 பவுண்டு காட்டுகிறது என்றால் டயருக்கு 1,900. பி-மெட்ரிக்கின் 2,505-க்குள் அது தாராளமாக அடங்குகிறது. ஆக, அரை டன் வண்டியில் பெரும்பாலும் பாரம் தாங்குவதில் சிக்கல் இல்லை.

சிக்கல் சைடுவாலில் இருக்கிறது. ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்து போகும் அந்தச் சில நொடிகளைக் கவனியுங்கள். முதலில் காற்று வண்டியை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். மெல்லிய சைடுவால் உள்ள டயரில் ரிம் ஒரு பக்கம் நகர்ந்த பிறகுதான் டயரின் தரைப்பகுதி பின்தொடரும். ஸ்டீயரிங்கைத் திருத்தினால் அந்தத் திருத்தமும் தாமதமாகவே போய்ச் சேரும். அதற்குள் டிரெய்லர் எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கியிருக்கும். எல்டி டயரின் தடித்த சைடுவால் இந்தத் தாமதத்தைக் குறைக்கிறது. நான் எல்டி பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். 3,417 என்ற எண் இல்லை.

இதற்கு நல்ல சான்று நடுவில் இருக்கும் லோடு ரேஞ்ச் சி. அதே அளவில் எல்டி சி-யின் இண்டெக்ஸ் 113, 50 பிஎஸ்ஐயில் 2,535 பவுண்டு. வகுத்தபின் வரும் பி-மெட்ரிக்கின் கணக்கை விட வெறும் 30 பவுண்டுதான் கூடுதல். சுமையில் லாபமே இல்லை. உறுதியில் லாபம் உண்டு. டிரெய்லர் நடுத்தர எடை, ஆண்டின் பெரும்பகுதி வண்டி காலியாகத்தான் ஓடும் என்பவர்களுக்கு இது அருமையான தேர்வு. கடைக்காரர்கள் இதைத் தானாக எடுத்துச் சொல்வது குறைவு, கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சி கணக்கிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எல்டி டயர் பி-மெட்ரிக் அளவு சுமையைத் தாங்கவே ஏறக்குறைய 50 பிஎஸ்ஐ வேண்டும். புது எல்டி டயரை மாட்டிவிட்டு, கதவோர ஸ்டிக்கரில் இருக்கிறதே என்று 35 பிஎஸ்ஐயில் ஓட்டுபவர், கழற்றிப்போட்ட பழைய டயரை விடக் குறைந்த தாங்குதிறனோடு மலையேறுகிறார். காற்று குறைந்தால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும். டயரைக் கொல்வது அந்தச் சூடுதான். இழுக்கும் நாளில் எடைமேடையில் அச்சு வாரியாக எடை பார்த்து, டயர் நிறுவனத்தின் அட்டவணைப்படி காற்றடியுங்கள். டயர் ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும்.

எல்டி இ-யின் குறைகளையும் மறைக்கக் கூடாது. டயர் கனமானது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், காலி வண்டியில் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத் தெரியும். சிறிய, இலகுவான டிரெய்லரை எப்போதாவது இழுப்பவருக்கு இது தேவையே இல்லை. நல்ல பி-மெட்ரிக், முடிந்தால் எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) வகை, போதும். அடுத்த கனமான வகையான முக்கால் டன் வண்டிக்கோ இந்த விவாதமே கிடையாது. அதன் பின் அச்சு 6,000 பவுண்டுக்கு மேல் தாங்கும்படி வருகிறது. இரண்டு பி-மெட்ரிக் சேர்ந்தாலும் 5,010-தான்.

டிரெட், அதாவது தரையைத் தொடும் பகுதியின் வடிவம், என்ற விஷயத்தில் என் வோட்டு ஹைவே வகைக்கே. ஆல்-டெரெயின் டயரின் ஆழமான கட்டைகள் சுமையில் நெளியும். ஈரப்புல், சரளை, பனி என்று அடிக்கடி இறங்குபவருக்குத்தான் அந்த விலை கொடுக்கத் தகும். டிரெய்லர் இழுக்க மட்-டெரெயின் (சேற்றுக்கான) டயர் வேண்டாம். டிரெய்லருக்கென வரும் எஸ்டி டயர் எவ்வளவு எடை தாங்கினாலும் பிக்கப்பில் போடக்கூடாது. வண்டியைத் திருப்பவும் தள்ளவும் அது வடிவமைக்கப்படவில்லை.

எல்டி இ என்று முடிவு செய்தால், கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் ரிம் எத்தனை பிஎஸ்ஐ வரை தாங்கும்? வால்வு எந்த வகை? சாதாரண ரப்பர் வால்வின் எல்லை 65 பிஎஸ்ஐயை ஒட்டித்தான். அதற்கு மேல் அடிக்கப் போகிறீர்கள் என்றால் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கும் பழைய 35-ஐ வைத்தே கணக்குப் போடும். புது அழுத்தத்துக்கு அதை மாற்றி அமைக்காவிட்டால், 60-லிருந்து 40-க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது.