12 மி.மீ. கேரம் போர்டு: பலகைக்குப் பாஸ், கூட வந்த காய்களுக்கு ஃபெயில்

சென்னை பெரியமேட்டில் கேரம் போர்டு வாங்கப் போனால் முதலில் பாலீஷைத்தான் காட்டுவார்கள். முகம் பார்த்துத் தலை சீவலாம் சார் என்பார்கள். அதற்கு வீட்டில் கண்ணாடி இருக்கிறது. பவுடர் போட்டு ஒரு அடி அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டால் பல கடைகளில் இழுக்கிறார்கள். ஒருவர் மட்டும் "தாராளமா அடிங்கண்ணே" என்று ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுத்தார். அவரிடமே வாங்கினேன்.

அக்கா மகளுக்காகத்தான். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்று வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலருக்கு கேரம் பைத்தியம். மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன் ஆனபோது பையன்களுக்கு இப்படித்தான் பிடித்தது.

12 மி.மீ. பிளைவுட், ஆடும் பரப்பு 74 செ.மீ., மூன்று அங்குல ஃபிரேம். விலை 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஸ்டாண்டு தனிக் காசு. ஒற்றை ஆளாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்தக் கனம்தான் இதன் பெரிய பலம்.

போட்டி விதி ஒன்று உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தில் ஒரே அடி அடித்தால் அது எதிர்ப்பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குறைந்தது மூன்றரை தடவை ஓட வேண்டும். கடையிலேயே அதைத்தான் சோதித்தேன். நான்கைத் தாண்டி ஓடியது. ஓடுகிற ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் குறைப்பவை இரண்டு. வழி நெடுகப் பலகையின் உராய்வு, ஒவ்வொரு சுவரிலும் மோதும்போது ஏற்படும் இழப்பு. மெல்லிய ஃபிரேம் அடி வாங்கியதும் தானே அதிர்ந்து வேகத்தைத் தின்றுவிடும். இது அசையாமல் நின்று பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. சுவரில் மோதவிட்டுத் திரும்ப வைத்துக் காயை அடிக்கும் ரீபவுண்டு ஆடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பவுடர் போட்டபின் மெதுவான ஆட்டத்தில்தான் போர்டின் குணம் முழுசாகத் தெரிகிறது. உராய்வு, காய் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பிடித்து இழுக்கும். அதனால் இரண்டு மடங்கு வேகத்தில் விட்ட காய் இரண்டு மடங்கு தூரம் அல்ல, நான்கு மடங்கு தூரம் போகும். பழைய சொரசொரப்பான போர்டில் பழகிய கை இங்கே கொஞ்சம் கூடுதலாகத் தட்டினாலும் காய் குழியைத் தாண்டி, சுவரில் பட்டு நடுவுக்கே வந்துவிடுகிறது. அக்கா மகள் முதல் வாரம் முழுக்க இதற்காக என்னைத் திட்டினாள், ஏதோ நான்தான் போர்டு செய்தவன் மாதிரி.

இன்னொன்று. வழுக்கல் கூடக் கூட மட்டம் முக்கியமாகிவிடும். சொரசொரப்பான பலகையில் லேசான சாய்வு இருந்தாலும் உராய்வு அதை மூடி மறைத்துவிடும். இதில் மறைக்காது. ஸ்டாண்டின் ஒரு கால் சற்றே இறங்கியிருந்தது. நேராக விட்ட காய் கடைசி அரை அடியில் ஒரு பக்கமாக வளைந்தது. "மாமா, காய்க்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்றாள். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்து, காலுக்கு அட்டை கொடுத்த பிறகு சரியானது. பலகையில் குறை இல்லை, நடுவில் தொய்வும் இல்லை.

இப்போது குறைக்கு வருவோம். கூடவே இலவசமாகக் கொடுத்த காய்களையும் ஸ்ட்ரைக்கரையும் தூக்கிப் போடலாம். நான் வேலை பார்ப்பது அடகுக் கடையில், எடை மெஷின் கைக்கெட்டும் தூரத்தில். காய்க்கு விதிப்படி 5 முதல் 5.5 கிராம் இருக்க வேண்டும். இந்த செட்டில் சில காய்கள் ஐந்தைத் தொடவே இல்லை. ஸ்ட்ரைக்கர் 17 கிராமை நெருங்கியது. 15ஐத் தாண்டக் கூடாது. ரெண்டு கிராமில் என்ன என்று கடைக்காரர் சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5.5 கிராம் காயை நேருக்கு நேர் அடித்தால், மோதலில் எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், காய் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் பறக்கும். ஸ்ட்ரைக்கரிடம் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகம் மிஞ்சும். நிஜத்தில் சத்தமாகவும் சூடாகவும் கொஞ்சம் போய்விடும். ஸ்ட்ரைக்கர் கனமாகி, காய் லேசானால் மிஞ்சுவது கூடும். அப்புறம் என்ன, காய்க்குப் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போகும். ஃபைன் கட்ட வேண்டியதுதான்! காயும் காயும் ஒரே எடை என்றால் கதை வேறு: நேராக மோதிய காய் கிட்டத்தட்ட நின்றுவிடும், அடிபட்டது கிளம்பும். எடை கண்டபடி இருந்தால் இந்த நம்பிக்கையும் போச்சு. தனியாக ஒரு போட்டி செட் வாங்கிவிட்டேன்.

பவுடருக்கு வீட்டில் இருக்கிற முகப் பவுடரைக் கொட்டாதீர்கள், ஈரக் காற்றில் பிசுபிசுக்கும். போரிக் பவுடர் நல்லது. அதன் படிகங்கள் அடுக்கடுக்கானவை, ஒன்றின் மேல் ஒன்று எளிதில் சறுக்கும். ஒரு சிட்டிகை போதும். வாயில் போனால் விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகள் ஆடி முடித்ததும் கை கழுவ வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளைவுட் ஈரம் குடிக்கும். நனைந்த சுவரில் சாய்த்து வைக்காமல் உறை போட்டு வைத்தேன். மழை முடிந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோதும் வளையவில்லை.

மாசத்துக்கு ஒருமுறை ஆடுகிற வீட்டுக்கு இது அதிகம், 8 மி.மீ. பலகையே போதும். பிள்ளை போட்டிக்குப் போகிறது என்றால் இதையே வாங்கலாம். காய் வேண்டாம் என்று சொல்லி விலையில் 300 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்; எனக்குத் தரவில்லை, தெருக்கோடி கிளப்புக்காரர்களுக்குக் குறைத்திருக்கிறார்கள்.