பாளையங்கோட்டையில் ஒரு நாள் தியான முகாம்: போகலாமா?

கூப்பிட்டது பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ஊசிக் கோபுரம் என்கிற தேவாலயத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான், மதியச் சாப்பாடும் சேர்த்து முந்நூறு ரூபாய், சரி போய்த்தான் பார்ப்போமே என்று போன சனிக்கிழமை போனேன்.

காலை வகுப்பு சுமார். மைக் இரைச்சல், ஃபேன் காற்று கடைசி வரிசைக்கு வரவே இல்லை. ஆனால் ஐயர் (சபைப் போதகரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பைபிளில் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தை, 2 கொரிந்தியர் 12-ஐ எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பவுலுக்கு உடம்பில் முள் மாதிரி ஏதோ ஒரு உபத்திரவம், எடுத்துவிடும் ஆண்டவரே என்று மூன்று தடவை வேண்டியும் எடுபடவில்லை, அதை அவரே சபைக்கு எழுதியும் வைக்கிறார். நாமோ ஞாயிற்றுக்கிழமை வாசலில் யார் கேட்டாலும் "நல்லா இருக்கோம், தோத்திரம்" என்று சொல்லியே பழகியவர்கள்.

அப்புறம் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, இதுவரை வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவர் ரிட்டயர்டு வாத்தியார். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வாங்கிய கடனைப் பற்றி ஆரம்பித்தேன், பாதியிலேயே அதை வியாபார நஷ்டமாக்கிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பி, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், உண்மை வந்துவிட்டது.

சாப்பாடு கோயில் அசன விருந்து (சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது) மாதிரி, ஆட்டுக்கறி, சாம்பார், குறையே இல்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று மைக்குக்காகக் குறைத்தது. அன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக அவள் பேசவில்லை.